வண்டிப் பெட்டிப் பூட்டு: பழுது பார்த்தலும் மாற்றுதலும்

இரவில் கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற வியாபாரி நம் கோட்டாறு கடைத்தெருவில் யாரும் இருக்க முடியாது. கிட்டங்கிக்கு ஒரு பூட்டு போதாதென்று இரண்டு போடுகிறவர்களும் உண்டு. ஆனால் அதே வியாபாரியின் சரக்கு வண்டி காலையில் குளச்சல், திங்கள்நகர், தக்கலை என்று லைனுக்குப் போகும்போது, வசூல் பையும் பில் புத்தகமும் இருக்கும் பக்கவாட்டுப் பெட்டியில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. வண்டிக்குக் கூண்டு கட்டிக் கொடுத்தவர் எதைப் போட்டாரோ அதுவே இன்றுவரை இருக்கும்.

அந்தச் சிறிய பூட்டைப் பற்றியதுதான் இந்தப் பாடம். அது எப்படி வேலை செய்கிறது, எப்போது பழுது பார்க்கலாம், எப்போது மாற்ற வேண்டும், மாற்றும்போது எதை அளந்து வாங்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். கல்லாப்பெட்டி, கண்ணாடி ஷோகேஸ், மேஜை டிராயர் ஆகியவற்றில் இருப்பதும் பெரும்பாலும் இதே இனத்துப் பூட்டுதான். ஆகவே வண்டி இல்லாத வியாபாரிகளுக்கும் இது பயன்படும்.

எழுதக் காரணம்

என் கடை வண்டியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். லைன் முடிந்து மாலையில் வண்டி திரும்பியது. பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் பில் புத்தகம் இருக்கிறது, வசூல் பை இல்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி முழுநேரமும் ஓட்டுநரிடம் இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, கடைகளுக்குள் சரக்கு இறக்கப் போயிருக்கிறார். வேறு யாரிடமும் சாவி இல்லாதபோது நான் யாரைச் சந்தேகப்பட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருடமாக நம்மிடம் இருக்கும் மனிதர். நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை.

நான்கு நாள் கழித்துப் பூட்டை மாற்றுவதற்காகச் சாவி செய்கிறவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பூட்டின் முகத்தைத் துடைத்து அதிலிருந்த எண்ணைப் படித்தார். தன் கொத்திலிருந்து ஒரு பழைய சாவியைப் போட்டுத் திருப்பினார். பெட்டி திறந்துகொண்டது. “அண்ணாச்சி, இந்த நம்பர் தாக்கோல் எங்கிட்ட நாலு கிடக்கு” என்றார். அன்று மாலையே ஓட்டுநர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வந்தார். பணம் திரும்பி வரவில்லை. காப்பீட்டுப் பணமும் கிடைக்கவில்லை. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பூட்டின் அமைப்பு

பெட்டிக் கதவின் ஓட்டை வழியாக உள்ளே போகும் ஓர் உருளை. வெளியே சாவித் துவாரம். உள்ளே உருளையின் முனையில் திருகாணியால் பிடித்த ஒரு தட்டையான நாக்கு. சாவியைத் திருப்பினால் நாக்கு திரும்பிச் சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். கடைகளில் இதைக் ‘கேம் லாக்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உருளைக்குள் மெல்லிய தகடுகள் சில, சிறிய ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும். சரியான சாவி போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வந்து, உருளை சுழல வழிவிடும்.

இந்தச் சாவிகளுக்குள் எத்தனை வகை இருக்க முடியும் என்பது நாமே போடக்கூடிய கணக்கு. ஒரு பூட்டில் 5 தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் 4 ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ ஐந்து முறை பெருக்கினால் 1,024. இதில் சாவி பலமாக நிற்காத வெட்டுகளையும், ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பவற்றையும் கழித்தால் சில நூறுதான் மிஞ்சும். மலிவான பூட்டுகளில் தகடுகளும் குறைவு, ஆழங்களும் குறைவு. செய்து விற்கும் பூட்டுகளோ ஆயிரக்கணக்கில். ஆகவே ஒரே சாவி பல பூட்டுகளைத் திறப்பது தற்செயல் அல்ல. கணக்குப்படி நடந்தே தீர வேண்டிய காரியம்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளே இருக்கும். சாமான் வைக்க வெளிப்புறத்தில் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டிகளுக்கு வெவ்வேறு தயாரிப்பாளர்களும் ஒரே எண் சாவியுள்ள பூட்டைப் போட்டு வந்தார்கள். சி.எச். 751 என்பது அந்த எண். அந்தச் சாவி கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு வண்டிக்காரரின் சாவி பக்கத்து வண்டியின் பெட்டியையும் திறக்கும் என்று தெரிந்த பிறகு, புது வண்டி வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பூட்டுகளைக் கழற்றி மாற்றுகிறவர்கள் அங்கே பலர். நம் ஊர் சரக்கு வண்டிக்கும் அதே அறிவு தேவைப்படுகிறது.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் பெட்டிப் பூட்டின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். எண் அடித்திருக்கிறதா? சாவியிலும் அதே எண் இருக்கிறதா? இருந்தால், அந்த எண்ணைப் பார்க்கிற யாரும் அதே எண் சாவியைத் தேடி வாங்க முடியும். அடுத்து, உங்கள் கடையில் உள்ள மேஜை, கல்லா, ஷோகேஸ் சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வண்டிப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரின் வண்டிச் சாவியையும் அவர் முன்னிலையில் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று திருப்பிவிட்டால் அந்தப் பூட்டு பழுதில்லாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதே.

பழைய பூட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. சாவியை முழுவதும் உள்ளே தள்ளாமல் பாதியில் நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் உள்ளே தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அதையும் மாற்றுங்கள்.

நோயும் மருந்தும்

1. சாவி போகிறது, திரும்பவில்லை. தூசியும் துருவும் சேர்ந்து தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரேயைத் துவாரத்தில் அடித்து, சிறிது நேரம் விட்டு, சாவியைப் பல முறை உள்ளே வெளியே இழுங்கள். பலமாகத் திருப்பினால் சாவி முறியும். இளகியபின் அழுக்கைத் துடைத்து உலரவிட்டு, கிராஃபைட் தூள் சிறிது போடுங்கள்.

2. சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. உள்ளே நாக்கைப் பிடித்திருக்கும் திருகாணி கழன்றிருக்கும், அல்லது நாக்கு வளைந்திருக்கும். கதவை நடுவில் அழுத்திக்கொண்டு திருப்பினால் பல நேரம் திறந்துவிடும். திறந்ததும் திருகாணியை ஸ்பிரிங் வாஷருடன் முடுக்குங்கள். வண்டி ஆட்டத்தில் மறுபடி கழலாமலிருக்க, திருகாணியின் மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு தடவி முடுக்கலாம்.

3. சாவியோடு பூட்டே சேர்ந்து சுற்றுகிறது. பூட்டு உடம்பின் இரு பக்கமும் தட்டையாக இருக்கும்; ஓட்டையும் அப்படியே இருக்க வேண்டும். கூண்டு கட்டியவர் வட்டமாகத் துளை போட்டிருந்தால் பூட்டு சுற்றத்தான் செய்யும். தட்டை ஓட்டையுள்ள ஒரு இரும்புத் தகட்டை உட்புறம் வைத்து ரிவெட் அடித்தால் சரியாகும்.

4. பூட்ட முடியவில்லை, அல்லது கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது. இது பூட்டின் குற்றமல்ல. கீல் தொங்கியிருக்கும், அல்லது புதிதாக ஒட்டிய ரப்பர் தடித்திருக்கும். இந்த நிலையில் புதுப் பூட்டு போட்டாலும் ஆறு மாதத்தில் அதுவும் கெடும். முதலில் கீலைச் சரிசெய்யுங்கள்.

5. சாவி உள்ளே முறிந்துவிட்டது. மிச்சத் துண்டைக் கொண்டு குத்தக் கூடாது. அது இன்னும் உள்ளே போகும். மெல்லிய ரம்பத் தகட்டுத் துண்டின் பற்களை வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து நுழைத்து, முறிந்த பகுதியைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். முடியாவிட்டால் சாவி செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். துளை போட்டு எடுப்பது கடைசி வழி. அவரிடம் போகும்போது ஆர்.சி. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கேட்காமலே திறந்து கொடுப்பவரைவிட, யார் வண்டி என்று கேட்கிறவரே நமக்கு வேண்டியவர்.

அளந்து வாங்குங்கள்

பழைய பூட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதே சிறந்தது. முடியாவிட்டால் ஐந்து அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஓட்டையின் குறுக்களவு. சாதாரணமாக 16 மி.மீ., 19 மி.மீ. பூட்டுகள் கிடைக்கும். இரண்டு, கதவுத் தகட்டின் கனம். இதைப் பொறுத்தே உருளையின் நீளம் அமையும். ஒற்றைத் தகட்டுக்குக் குட்டையான பூட்டு போதும். பிளைவுட்டும் தகடும் சேர்ந்த கதவுக்கு நீளமானது வேண்டும். மூன்று, நாக்கின் நீளம். பூட்டியபின் நாக்கு சட்டத்துக்குப் பின்னால் குறைந்தது 10 மி.மீ. ஆவது போய் நிற்க வேண்டும். நான்கு, நாக்கு நேரானதா, வளைவுள்ளதா. கதவுக்கும் சட்டத்துக்கும் மட்டவித்தியாசம் இருந்தால் வளைந்த நாக்கு தேவை. ஐந்து, திருப்பும் அளவு. கால் சுற்றா, அரைச் சுற்றா என்று பாருங்கள்.

இவற்றோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். சில பூட்டுகளில் பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் சாவியை எடுக்கலாம். சிலவற்றில் பூட்டிய பிறகுதான் சாவி வெளியே வரும். வண்டிக்கு இரண்டாவது வகையே நல்லது. பூட்டாமல் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக அது விடாது.

கடையில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மூன்று பூட்டுகள் வாங்கினால், அங்கேயே சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முகத்தில் எண் இல்லாத பூட்டாகக் கேளுங்கள். தட்டையான ஒருபக்கச் சாவிக்குப் பதிலாக, குழாய் வடிவச் சாவியோ, பக்கவாட்டில் குழிகள் உள்ள சாவியோ உள்ள கேம் லாக் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். ஒரு நாள் வசூலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிய தொகை அல்ல.

மாட்டும் முறை

வேலை முடியும்வரை கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். பழைய நட்டைக் கழற்றிப் பூட்டை எடுத்தபின், ஓட்டையின் ஓரத்தை அரத்தால் தேய்த்துத் துருவை நீக்கி, இரும்புத் தகடானால் ரெட் ஆக்சைடு பூசி உலரவிடுங்கள். பூட்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர் வைத்தால் மழைநீர் உள்ளே இறங்காது. நட்டை முடுக்கி, நாக்கை மாட்டி, கதவு திறந்த நிலையிலேயே சாவியைப் பத்து முறை திருப்பிப் பாருங்கள். நாக்கு எங்கும் உரசாமல் திரும்பிய பிறகே கதவை மூடிப் பூட்டுங்கள். மாற்றுச் சாவி வெளியே ஒருவர் கையில் இருக்கட்டும்.

எவர்சில்வர் திருகாணியை அலுமினியத் தகட்டில் நேராக முடுக்கினால், உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப் போகும். நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷர் வையுங்கள்.

பின்கதவுக்குத் தொங்கு பூட்டு

சரக்கு ஏற்றும் பெரிய கதவுக்குக் கேம் லாக் போதாது. கொண்டியும் நாதாங்கியும் வைத்துத் தொங்கு பூட்டுதான் போட வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, நல்ல பூட்டை வாங்கி, கொண்டியை வெளியிலிருந்து சாதாரணத் திருகாணியால் மாட்டுவது. திருடனுக்குப் பூட்டு தேவையில்லை, திருப்புளி போதும். வெளிப்பக்கம் குமிழ்த் தலையும் உட்பக்கம் நட்டும் வரும் போல்ட்டால் மாட்டுங்கள். மூடியபின் கொண்டி தன் போல்ட்டுகளைத் தானே மறைக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

தொங்கு பூட்டுக்கு நம் மாநிலத்திலேயே பெயர் பெற்ற இடம் திண்டுக்கல். திண்டுக்கல் பூட்டு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கையால் செய்யும் லீவர் பூட்டுகளில், லீவர்களுக்குத் தக்கபடி ஒவ்வொரு சாவியையும் அரம் போட்டுப் பொருத்துவார்கள். வண்டிப் பெட்டிப் பூட்டில் இல்லாமல்போன குணம் இதுதான்: இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி என்பது. லீவர் எண்ணிக்கை கூடினால் கள்ளச் சாவி போடுவது கடினம். வாங்கும்போது சாவியைப் போட்டுப் பூட்டியபின் வளையத்தை இழுத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமிருந்தால் வேறு கேளுங்கள்.

நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற பராமரிப்பு

குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கடற்காற்று. கடலோர ஊர்களுக்குப் போய்வரும் வண்டியும், புத்தளம், சாமித்தோப்பு பக்கம் உப்பு மூட்டை ஏற்றும் வண்டியும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். மலிவான பூட்டுகள் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்தவை. பூச்சு போனால் உப்புப் பூத்துவிடும். பித்தளை உடம்புள்ள பூட்டு இங்கே நீடித்து உழைக்கும்.

நாம் கை தவறாமல் செய்கிற ஒன்று, இறுகிய பூட்டில் தேங்காய் எண்ணெய் விடுவது. அன்றைக்குப் பூட்டு இளகும். பிறகு எண்ணெய் காறிப் பசையாகி, மிளகாய்த் தூளையும் மாவுத் தூசியையும் பிடித்துவைத்து முன்னைவிட மோசமாகும். பலசரக்கு வண்டிக்கு எண்ணெய் கூடவே கூடாது. கிராஃபைட் தூள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். அவசரத்துக்குச் சாவியின் வெட்டுகளில் பென்சிலைத் தேய்த்துப் போட்டு இழுக்கலாம். சாவித் துவாரத்தின் மேல் ரப்பர் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் மழைக்கும் தூசிக்கும் அதுவே குடை.

சாவிக் கணக்கு

சரக்குக்கு ஸ்டாக் புத்தகம் வைக்கிற நாம் சாவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். எந்தப் பூட்டு, எத்தனை சாவி, யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தது என்ற மூன்று விவரம் போதும். வேலைக்காரர் மாறினாலோ, ஒரு சாவி தொலைந்தாலோ பூட்டை மாற்றிவிடுங்கள். இப்போது செல்போனில் சாவியைப் படமெடுத்து அனுப்பி ‘இதைப்போல் ஒன்று செய்து வை’ என்கிற பழக்கம் வந்திருக்கிறது. படத்தில் வெட்டும் எண்ணும் தெளிவாகத் தெரியும்; அந்தப் படம் யார் யாரிடம் போகிறதோ அவர்களிடமெல்லாம் சாவி இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு வேலைக்காரர்மீது சந்தேகம் கொண்டு எழுதுவதல்ல. அவர்களைக் காப்பாற்றவே எழுதுவது. என் ஓட்டுநரிடம் இருந்தது ஒரே சாவி என்பது உண்மை. ஊரில் அதே சாவி எத்தனை இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போனதே குற்றம்.

காப்பீடு கேட்கும் கேள்வி

களவுக் காப்பீட்டுப் பாலிசிகளில் ‘களவு’ என்பதற்கு ஒரு விளக்கம் அச்சிட்டிருக்கும். பலவந்தமாக, உடைத்து நுழைந்து நடந்த திருட்டு என்று பெரும்பாலும் இருக்கும். 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வியாபாரியின் கிட்டங்கித் திருட்டு வழக்கில், பாலிசியில் அப்படி எழுதியிருக்கும்போது பலவந்தம் நடந்ததற்கு அடையாளம் இல்லாத வெறும் திருட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று தீர்ப்பளித்தது. பாலிசியின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும், களவு என்ற சொல்லின் பொதுப் பொருளை அல்ல என்பதே அதன் சாரம்.

எனக்கும் இதே கேள்விதான் வந்தது: பூட்டு உடைந்திருக்கிறதா? இல்லை. கதவு நெளிந்திருக்கிறதா? இல்லை. என் பாலிசியிலும் அதே வாசகம் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் பிழை. ஊருக்கெல்லாம் பொதுவான சாவியால் திறக்கும் பூட்டில் இதுதான் இரட்டை நஷ்டம். திருடுவதும் எளிது, திருட்டு நடந்ததைக் காட்டுவதும் முடியாது. நல்ல பூட்டு உடையலாம். உடைந்தால் அந்த உடைப்பே நமக்குச் சாட்சி.

ஆகவே உங்கள் பாலிசியை எடுத்து அந்த விளக்கத்தை ஒரு முறை படியுங்கள். ஆளில்லாமல் நிறுத்திய வண்டியில் இருக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். திருட்டு நடந்துவிட்டால் பூட்டைத் தொடாமல் படமெடுத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, காப்பீட்டு அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பெட்டிப் பூட்டின் முகத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. கடையிலுள்ள மற்றச் சாவிகள் அதைத் திறக்கின்றனவா என்று சோதியுங்கள்.
3. கீல், ரப்பர், நாக்கின் திருகாணி மூன்றையும் சரிபாருங்கள்.
4. மாற்ற வேண்டுமானால் ஐந்து அளவுகளையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.
5. எண்ணெய் விடாதீர்கள், கிராஃபைட் தூள் போடுங்கள்.
6. சாவிக்கு ஒரு பக்கம் கணக்கு எழுதுங்கள்.
7. பாலிசியில் ‘களவு’ என்பதன் விளக்கத்தைப் படியுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இங்கே அணை என்பது அரை நாள் வேலையும் ஒரு பூட்டின் விலையும்தான். நான் கொடுத்த விலை அதைவிட அதிகம். பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொண்டேன். எட்டு வருடம் கூட இருந்த மனிதரைப் பார்த்துக் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் இன்னும் திரும்ப வாங்க முடியவில்லை.